பதினோராம் எண் கூண்டு

(கடற்கரையூர் மக்கள் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



துறைமுகங்களில் ஏற்றப்பெறும் புயற்கூண்டுகளைப் பற்றித் தமிழகக் கடற்கரையில் அறியாதார் இலர். ஒன்றாம் எண் கூண்டு, தொலைவில் எங்கோ காற்றழுத்தம் தாழ்ந்துள்ளது என்பதைக் குறிக்கும். பத்தாம் எண் கூண்டு, கடும்புயல் அத்துறைமுகத்தின் மீதோ அதன் அருகிலோ கரை கடக்கவுள்ளது என்பதைக் குறிக்கும். பத்தொடு முடிந்தது என்று கருதுவோரே பலர். பதினோராம் எண் கூண்டும் ஒன்று உண்டு. அது காற்றைப் பற்றியதன்று. மழையைப் பற்றியதும் அன்று. வானிலை எச்சரிக்கை நடுவத்தொடு துறைமுகத்திற்கு இருந்த தொடர்பு அறுந்துபோயிற்று என்பதே அதன் பொருள். புயலைவிடக் கொடியது புயலைப் பற்றிய செய்தி வாராமையே என்று கண்டு, அதற்கெனத் தனியே ஓர் எண் கொடுத்து, அதனை எல்லா எண்களுக்கும் மேலே வைத்தவர்களின் அறிவு பாராட்டத்தக்கது.

ஆனால், அந்தக் கூண்டும் துறைமுகம் உள்ள ஊருக்கே உரியது. புதுவையில் ஏற்றினால் புதுவைத் துறையில் நிற்பவர் காண்பர். மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் துறைமுகமும் இல்லை, கூண்டும் இல்லை. தொடர்பு அறுந்தால், அறுந்தது என்பதை அறிவிக்கவும் அங்கு வழியில்லை. இவ்வூரும் இதனையொத்த மீனவர் ஊர்களும் வானலை வழி இயங்கும் ஓர் இடுக்கண் தொடர்பை, தமக்குள் பொதுவான ஒரு குரலை, எவர் பொருளால் அமைத்துக்கொள்வது, எவர் பொருளால் காத்துக்கொள்வது என்பதே இங்கு எடுத்துக்கொண்ட செய்தி. பணக்கணக்கைப் பற்றிய பேச்சு என்று யாரும் சோர்ந்துவிட வேண்டா. கடலில் நிற்பவனுடைய உயிர் கரையில் எழுதப்படும் இந்தக் கணக்கில்தான் தொங்குகின்றது.

மரக்காணம் புதிய ஊரன்று. சிறுபாணாற்றுப்படை குறிக்கும் ஓய்மானாட்டு எயிற்பட்டினம் இதுவே என்பர் ஆய்வாளர் பலர். கலங்கள் வந்து போன கரை. உப்பு விளைந்த கரை. இன்றும் விளைகின்ற கரை. இந்தப் பழங்கரையின் கிழக்கே கடல், மேற்கே கிழக்குக் கடற்கரைச் சாலை, அப்பால் உப்பளங்களும் கழுவெளியும். கடலில் இடர், சாலையில் இடர், மழை எதிர்பாராது வந்தால் குவித்துவைத்த உப்புக்கும் இடர். மூன்று இடர்களுக்கும் நடுவே வாழும் மக்களுக்கு மூன்றுக்கும் உதவும் குரல் ஒன்று வேண்டும்.

கைப்பேசி இருக்கின்றதே என்பார் உண்டு. இருக்கின்றது, கரையை விட்டுச் சில கிலோமீட்டர் கடந்தால் ஊமையாகிவிடுகின்றது. கரையிலேயும் அது மின்சாரத்தின் அடிமை. 2011ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தபோது, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. நாட்கணக்கில் விளக்கெரியாத ஊர்கள் பல. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுவையருகே கரையேறி, ஏறிய இடத்திலேயே நகராது நின்று கொட்டியது. மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. இத்தகைய இரவுகளில் கைப்பேசிக் கோபுரத்தின் மின்கலம் எத்தனை மணிநேரம் தாங்கும்? அது தீர்ந்தபின் ஆயிரம் குறுஞ்செய்தி அனுப்பினும் அவற்றைப் பெறுவார் யார்?

வானலைப் பேசி, அதாவது மக்கள் ‘வயர்லெசு’ என்று வழங்கும் கருவி, இதனின் வேறானது. அது யாருடைய கோபுரத்தையும் நம்பாமல் கருவிக்குக் கருவி நேரே பேசும். ஒருவர் பேசினால் அந்த அலைவரிசையில் உள்ள அனைவரும் கேட்பர். உலகக் கடல்களெங்கும் இடுக்கண் அழைப்புக்கென 156.8 மெகாஎர்ட்சு அலைவரிசை, பதினாறாம் தடம் என்னும் பெயரால், ஒதுக்கிவைக்கப்பட்டுள்ளது. எந்நாட்டுக் கலமும் அதனைக் கேட்கும், கேட்டல் கடமை.

அதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்த அலை ஏறத்தாழ நேர்க்கோட்டில் செல்வது. நிலவுருண்டையின் வளைவு அதனை மறைத்துவிடும். ஆகவே எவ்வளவு உயரத்திலிருந்து பேசுகிறோமோ அவ்வளவு தொலைவு. நீர்மட்டத்தின் மேல் ஒரு மீட்டர் உயரத்தில் கையிற் பிடித்துப் பேசும் இரு படகினர் ஏறத்தாழ 8 கிலோமீட்டர்க்குள் இருந்தால்தான் ஒருவரையொருவர் கேட்க முடியும். கரையில் 30 மீட்டர் உயரக் கோபுரமும் படகில் 4 மீட்டர் உயர அலைவாங்கியும் இருப்பின் அது 30 கிலோமீட்டராகும். கோபுரத்தை 100 மீட்டராக உயர்த்தினால் 50 கிலோமீட்டரை எட்டும். விழுப்புரம் மாவட்டக் கடற்கரையின் நீளமே ஏறத்தாழ 40 கிலோமீட்டர்தான்.

இந்தக் கணக்கில் ஓர் அரசியல் அடங்கியிருக்கின்றது. உயர்ந்த கோபுரத்தை எழுப்ப எந்த ஒரு குப்பத்தாலும் இயலாது. ஆனால், கோபுரம் ஒன்றோ இரண்டோ எழுந்துவிட்டால், மாவட்டத்தின் எல்லாக் குப்பங்களுக்கும் போதும். பத்து ஊர் கேட்டாலும் இருபது ஊர் கேட்டாலும் கோபுரத்தின் விலை ஏறாது. தனித்தனியே வாங்கினால் எல்லார்க்கும் குறையுடையது. சேர்ந்து வாங்கினால் எல்லார்க்கும் நிறைவானது. இப்படிப்பட்ட பொருளைத் தனி ஒருவன் வாங்கமாட்டான். கடையில் விற்கவும் மாட்டார்கள். பொதுப்பணத்தால் மட்டுமே அது உண்டாகும்.

இதற்கு முன்னோடி இல்லாமலும் இல்லை. கலங்கரை விளக்கம் என்பது என்ன? பெரும்பாணாற்றுப்படை பாடப்பெற்ற காலத்திலேயே தமிழன் கரையில் ஏற்றிவைத்த ஒளி அது. அவ்வொளி இந்தக் கலத்திற்கு என்றோ அந்தக் கலத்திற்கு என்றோ பிரித்து வீசுவதில்லை. அதன் செலவுக்குப் பிற்காலத்தில் ஒரு முறை வகுத்தனர். 1927ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டம், துறைமுகத்திற்கு வரும் கப்பல்களிடம் விளக்குத் தீர்வை தண்டியது. 2021இல் புதிய சட்டம் வந்தபோதும் அத்தீர்வை நீடித்தது. ஒளிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கின்றது. ஒலிக்கு இல்லை.

புதுவைக்கு அருகில் நடந்த ஒரு முயற்சியை இங்கே விரித்துச் சொல்லுதல் தகும். 1998ஆம் ஆண்டு எம்.எசு. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுவைச் சிற்றூர்களில் அறிவு நடுவங்களை நிறுவத் தொடங்கியது. அதற்கான பொருளுதவி கனடா நாட்டு வளர்ச்சி ஆய்வு நடுவத்திலிருந்து கிடைத்தது. வில்லியனூரில் ஒரு மூல நடுவம். சுற்றிலும் ஊர் நடுவங்கள். தொலைப்பேசிக் கம்பியை நம்ப முடியாத காலம் அது. ஆகவே மூல நடுவத்தையும் ஊர் நடுவங்களையும் வானலைப் பேசிகளால் இணைத்தார்கள். குரலும் அதன்வழிச் சென்றது. கணிப்பொறிச் செய்தியும் அதன்வழிச் சென்றது. மின்சாரம் நின்றால் கதிரவன் ஒளியிலிருந்து மின்னைப் பெறும் தகடுகள் துணை நின்றன.

அம்முயற்சியில் யார் எதைக் கொடுத்தார்கள் என்பதுதான் இங்கு நோக்கத்தக்கது. கருவியை நிறுவனம் கொடுத்தது. இடத்தை ஊர் கொடுத்தது. ஊர்ப் பொதுக்கட்டடமோ கோயிலோ, யாவரும் நுழையத்தக்க இடமாக அது இருக்கவேண்டும். ஒடுக்கப்பட்டோரும் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பது உடன்பாடு. நடத்துவதற்கான தொண்டர்களையும் ஊரே கொடுத்தது. பல நடுவங்களை மகளிரே நடத்தினர். வீராம்பட்டினத்தில் நாள்தோறும் கடலலையின் உயர முன்னறிவிப்பை அமெரிக்கக் கடற்படையின் வலைத்தளத்திலிருந்து எடுத்து, தமிழில் ஒலிபெருக்கி வழியே கடற்கரையெங்கும் கேட்கச் செய்தார்கள். தமிழ்க் கடலின் அலையை அளந்து சொல்ல அமெரிக்கப் படை வேண்டியிருந்ததே என்று நாணுவோர் நாணலாம். கேட்ட மீனவன் பிழைத்தான்.

2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் காலை. புதுவைக்குத் தெற்கே நல்லவாடு என்னும் மீனவர் ஊர். அவ்வூர் இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். முன்பு ஊர் அறிவு நடுவத்தில் தொண்டாற்றியவர். ஆழிப்பேரலைச் செய்தி அறிந்ததும் தொலைப்பேசியில் வீட்டாரை அழைத்து எச்சரித்தார். கரையில் கடல்நீரின் போக்கு மாறியிருப்பதை அதற்குள் ஊராரும் கண்டிருந்தனர். செய்தி பரவியதும் நடுவத்துக்கு ஓடி, ஒலிபெருக்கியில் ‘ஊரை விட்டு வெளியேறுங்கள்’ என்று முழங்கினர். 3,600க்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர். வீடுகள் அழிந்தன, படகுகள் நொறுங்கின, உயிர் ஒன்றும் போகவில்லை.

இந்நிகழ்ச்சியைப் பலரும் ஒரு தொலைப்பேசி அழைப்பின் வெற்றி என்று எழுதினர். அது பாதி உண்மை. சிங்கப்பூரிலிருந்து ஒரு வீட்டுக்கு வந்த செய்தி ஒரு வீட்டைத்தான் காத்திருக்கும். அதனை ஊர்ச்செய்தியாக மாற்றியது, ஆண்டுக்கணக்கில் அலையின் உயரத்தையும் அரசு அறிவிப்புகளையும் சொல்லிச் சொல்லி மக்கள் காதில் பழகிவிட்ட பொதுக்குரல். இடுக்கண் நாளில் மட்டும் திறக்கும் குரலை யாரும் நம்பமாட்டார்கள். நாள்தோறும் கேட்ட குரலையே நம்பி ஓடுவார்கள். எனவே, வானலைத் தொடர்புக்குச் செலவிடுவது என்றால் கருவி வாங்குவது மட்டுமன்று. ஆண்டு முழுவதும் அதனைப் பேசவைப்பதும் ஆகும். அரசுகள் பிழை செய்வது இவ்விடத்தில்தான். கருவிக்குப் பணம் உண்டு. திறப்பு விழாவுக்கும் உண்டு. அடுத்த ஆண்டு மின்கலம் மாற்றுவதற்கு மட்டும் இல்லை!

அதே நாளில் நக்கவாரத் தீவுகளிலும் அந்தமானிலும் தொலைப்பேசி முற்றும் செயலற்றது. வானலை ஆர்வலர் குழு ஒன்று தற்செயலாகப் போர்ட்டு பிளேயருக்கு வந்திருந்தது. அக்குழுவின் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி தம் கருவி வழியே வெளியுலகுக்குச் செய்தி அனுப்பினார். அரசின் தொடர்பு அற்றுப்போன இடத்தில் ஆர்வலரின் தொடர்பு நின்றது. தற்செயலை நம்பி ஒரு நாடு வாழலாகாது.

பின் வந்தது ஒக்கி. 2017 நவம்பர் 29, 30 நாட்களில் குமரிக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மிக விரைவாகப் புயலாகத் திரண்டது. ஆழ்கடலுக்குச் சென்ற குமரி மாவட்ட மீனவர் பலர் எச்சரிக்கை பிறப்பதற்குப் பன்னாட்களுக்கு முன்பே கரையை விட்டிருந்தனர். அவர்களிடம் செய்தியைச் சேர்ப்பிக்க வழியே இல்லை. குமரியிலும் கேரளக் கரையிலும் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தலைவனை இழந்தன. உடல்கூடக் கிடைக்காத வீடுகள் எத்தனை! அதன் பிறகே செயற்கைக்கோள் பேசி, திசையறி கருவி, வானலைப் பேசி என்று வழங்கத் தொடங்கினார்கள். 2023இல் நடுவணரசு, நாடு முழுவதும் நூறாயிரம் மீன்பிடிக் கலங்களில் செயற்கைக்கோள் வழிச் செய்தி பரிமாறும் கருவிகளைக் கட்டணமின்றிப் பொருத்த 364 கோடி உருபா ஒதுக்கியது. நல்லது, குறை சொல்வதற்கில்லை. ஆழ்கடலுக்கு அதுவே வேண்டும். கரைக் கோபுரத்தின் அலை அங்கு எட்டாது.

ஆனால், எக்கியார்குப்பத்தின் கண்ணாடியிழைப் படகு அன்றன்று போய் அன்றன்று திரும்புவது. அதற்கு வேண்டியது கரையோடு வாயால் பேசும் குரல். அதற்கு வேறு ஒரு கேள்வியும் எழுகின்றது. படகில் கருவி வைத்துவிட்டீர்கள். கரையில் காதை வைத்தவர் யார்? கடலோரக் காவற்படைக்கு 1554 என்னும் எண் உண்டு. மாநிலக் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்திற்கு 1093 உண்டு. இரண்டும் வேண்டியவையே. எனினும் அவ்வெண்ணுக்கு அழைக்கத் தொலைப்பேசி வேலைசெய்தல் வேண்டும். பக்கத்துக் குப்பத்துப் படகு பத்து மணித்துளியில் வந்து தூக்கிவிடக்கூடிய இடத்தில், செய்தி சென்னை வரை போய்த் திரும்புவது எந்த அறிவு?

கடலை விட்டுக் கரைக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு மே மாதம் எக்கியார்குப்பத்தின் பெயர் நாடெங்கும் அடிபட்டது. மெத்தனால் கலந்த நச்சுச் சாராயம் குடித்துப் பதின்மருக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இன்னும் பலர் புதுவையிலும் முண்டியம்பாக்கத்திலும் மருத்துவமனைகளில் கிடந்தனர். சாராயத்தின் அரசியலைப் பேசுவதற்கு இது இடமன்று. வேறு மேடைகள் உண்டு. ஆனால், மெத்தனால் நஞ்சின் தன்மை ஒன்றை மறக்கலாகாது. அது குடித்தவுடன் கொல்வதில்லை. பன்னிரண்டு மணிநேரம், சிலபோது ஒரு நாள் முழுவதும், உடலுக்குள் பதுங்கியிருந்து பின்னரே கண்ணையும் உயிரையும் பறிக்கும். முதல் ஆள் வீழ்ந்த அப்போதே ‘குடித்தவர் எல்லாரும், நலமாக இருப்பதாக எண்ணினாலும், உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்’ என்னும் அறிவிப்பு ஊர்தோறும் பக்கத்து ஊர்தோறும் ஒலிக்குமானால், காக்கப்படக்கூடிய உயிர் பல. இடுக்கண் என்பது புயல் மட்டுமன்று. ஊர்க்குரல் எல்லா இடுக்கண்ணுக்கும் உரியது.

இனிப் பணத்திற்கு வருவோம். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு உள்ளாட்சிகளின் மேல் கடமை சுமத்துகின்றது. பேரிடருக்கு வேண்டிய ஏந்துகளை எப்போதும் பயன்படுத்தத்தக்க நிலையில் வைத்திருக்க வேண்டும். தம் பணியாளரைப் பயிற்றியிருக்க வேண்டும். நல்ல கடமை. அதே சட்டத்தின் 48ஆம் பிரிவைப் புரட்டுங்கள். பேரிடர்க்கான பொருள்வைப்பு மாநிலத்துக்கு உண்டு, மாவட்டத்துக்கு உண்டு. அத்துடன் நின்றுவிட்டது. கடமை ஊராட்சி வரை இறங்கி வருகின்றது; பணம் மாவட்டத்தின் வாசலில் நின்றுகொள்கின்றது. சுமையைத் தலையில் ஏற்றிவிட்டுச் சோற்றை வீட்டில் வைத்துக்கொள்பவனை உழவர்கள் என்ன சொல்வார்கள் என்பது அவையோர்க்குத் தெரியும்.

‘நிதிக்குழு’ எனப்படும் பொருட்குழுவின் கணக்கு இதைவிடச் சுவையானது. பதினைந்தாம் குழு 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுக்கு மாநிலப் பேரிடர் வைப்பாக 1,60,153 கோடி உருபா என்று வகுத்தது. பெருமாநிலங்களுக்கு நடுவணரசு 75 விழுக்காடு, மாநிலம் 25 விழுக்காடு. மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு இடர் வந்தபின் செலவிடவும், ஒரு பங்கு இடர் வருமுன் குறைக்கவும் பிரிக்கப்பட்டது. அந்த நான்கு பங்குக்குள்ளேயே முன்னேற்பாட்டுக்கும் பயிற்சிக்கும் 10 விழுக்காடு குறிக்கப்பட்டது; வானலைத் தொடர்பு இந்தப் பத்துக்குள் இடம்பெறக்கூடும். ஊராட்சிகளுக்கு வேறாக வந்த நல்கையிலோ, 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டது. எஞ்சிய 40 விழுக்காட்டை ஊரின் தேவைக்குச் செலவிடலாம், சம்பளத்துக்குச் செலவிடலாகாது என்று விதிக்கப்பட்டது. ஆக, ஊராட்சி மின்கலம் வாங்க முடிந்தது; ஆனால், இரவில் கருவியின் முன் விழித்திருக்கும் ஆளுக்கு அதிலிருந்து ஒரு காசும் கொடுக்க முடியவில்லை! கருவி தானே தனக்குச் செவி கொடுத்துக்கொள்ளும் என்று தில்லியில் நினைத்துவிட்டார்கள் போலும்.

உலக வைப்பகத்தின் கடன்பணத்தில் 2013இல் தொடங்கிய கடலோரப் பேரிடர் இடர்குறைப்புத் திட்டத்தில் மீனவர்க்கான வானலைத் தொடர்பும் இடம்பெற்றது. கடன்பணம் வரும், திட்டக்காலம் முடியும், அலுவலகம் மூடப்படும். கோபுரம் மட்டும் உப்புக்காற்றில் நிற்கும். மரக்காணத்து உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை இங்குள்ளவர்க்கு யாரும் கற்பிக்க வேண்டா. ஆண்டுக்கொருமுறை வண்ணம் பூசாத கோபுரமும், மாதத்துக்கொருமுறை முனை துடைக்காத மின்கலமும் எத்தனை பருவம் தாங்கும்?

பணம் கிடைத்தாலும் ஊர் தானாகப் பேசிவிட முடியுமா? முடியாது. அரசியலமைப்புச் சட்டத்தின் ஏழாம் இணைப்பில், நடுவண் பட்டியலின் 31ஆம் வரியில், அஞ்சல், தொலைப்பேசி, வானலை அனைத்தும் தில்லிக்கே உரியன என்று எழுதியாயிற்று. வெள்ளையன் 1885இல் தந்திச் சட்டம் இயற்றித் தனியுரிமை கொண்டான். 1933இல் வானலைக்கும் சட்டம் செய்தான். அவன் போய்ப் பல்லாண்டு கழிந்து, 2023இல் அவ்விரண்டையும் நீக்கிப் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. அதன் நான்காம் பிரிவு, மக்களின் பேரால் அலைவரிசைக்கு உடைமையாளர் நடுவணரசே என்கின்றது. மக்களின் பேரால்! 1995இல் உச்ச அறமன்றம் வானலை பொதுமக்களின் உடைமை என்று தீர்ப்பளித்தது. மக்களுடையது என்று அறமன்றம் சொன்னது, மக்களின் பேரால் அரசினுடையது என்று சட்டத்தில் முடிந்தது.

இதில் மறுதரப்புக்கும் ஒரு முறை உண்டு. அலைவரிசையை ஒருவர் ஒழுங்குபடுத்தாவிட்டால் ஆளுக்கொரு குரலில் பேசி யார் பேச்சும் யாருக்கும் கேளாது. பதினாறாம் தடம் உலகம் முழுதும் ஒன்றாயிருப்பதே அந்த ஒழுங்கின் பயன். ஒழுங்கு வேண்டா என்று யாரும் சொல்லவில்லை. ஒழுங்குபடுத்துவது வேறு, தானே உடைமையாளன் என்று கட்டணம் தண்டுவது வேறு. அப்புதிய சட்டமே, பேரிடர் மேலாண்மைக்கும் உயிர் உடைமைக் காப்புக்கும் ஏலமின்றி அலைவரிசை ஒதுக்க இடம் தருகின்றது. கடற்கரை ஊராட்சிகள் கூடி விண்ணப்பித்தால், கட்டணமின்றி, மாவட்ட அளவிலேயே உரிமம் வழங்குவதற்கு என்ன தடை? பாம்பனில் 2016 முதல் மீனவர்க்கென ‘கடல் ஓசை’ வானொலி ஒலித்தது. கடற்கரை மக்கள் அலையை ஆளத் தெரியாதவர் அல்லர் என்பதற்கு அதுவே சான்று.

தில்லியிடம் இதற்கென்றே ஒரு பணப்பை இருக்கின்றது. தொலைப்பேசி நிறுவனங்களின் கணக்கிட்ட வருவாயில் 5 விழுக்காட்டைத் தண்டி, தொடர்பு எட்டாத ஊர்களுக்குத் தொடர்பு தருவதற்கென அது பல்லாண்டாகச் சேர்க்கப்படுகின்றது. பழைய பெயர் அனைவர்க்குமான பணிக் கடப்பாட்டு வைப்பு. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ‘டிசிட்டல் பாரத் நிதி’ என்று பெயர் சூட்டியது. பெயரில் ஒரு சொல்லாவது தமிழனுக்குப் புரிய வேண்டாமா என்னும் வழக்கு ஒருபுறம் நிற்க. எக்கியார்குப்பத்து மீனவன் தன் கைப்பேசிக்குப் பணம் கட்டும்போதெல்லாம் அப்பைக்குள் ஒரு துளி விழுகின்றது. கடலுக்குப் போனதும் அவன் கைப்பேசி ஊமையாகின்றது. தொடர்பு எட்டாத இடத்திற்கென்று சேர்த்த பணத்தில், தொடர்பு எட்டாத கடலுக்குப் பங்கு கேட்பது பிச்சையன்று.

அமெரிக்க நாட்டில் தொலைப்பேசிக் கட்டணத்தோடு இடுக்கண் அழைப்புக்கென ஒரு சிறு தொகையைத் தண்டி உள்ளாட்சிகளுக்கு அளிக்கின்றனர். சில மாநிலங்கள் அதனை வேறு செலவுக்குத் திருப்பிக்கொள்வதும், எவை திருப்பின என்று அந்நாட்டு ஆணையம் ஆண்டுதோறும் அறிக்கையிடுவதும் உண்டு. எந்நாட்டிலும் பணப்பைக்குக் காவல் வேண்டும் போலும். அங்கேயே 2001 செப்டம்பர் 11ஆம் நாள் நியூயார்க்கு இரட்டைக் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது, வானூர்தியிலிருந்த காவலர் கோபுரம் விழப்போகிறது என்று கண்டு சொன்ன எச்சரிக்கை, உள்ளே படியேறிக்கொண்டிருந்த தீயணைப்பாளரைச் சென்றடையவில்லை. காவல்துறைக்கு ஒரு வானலை. தீயணைப்புத் துறைக்கு வேறு வானலை. அன்று மாண்ட தீயணைப்பாளர் 343 பேர். செல்வத்தில் தலையாய நாட்டின் செல்வத்தில் தலையாய நகரில் இது நடந்தது. எல்லாத் துறைக்கும் பொதுவான தொடர்பை அமைக்க அந்நாடு 2012இல் 700 கோடி தாலர் ஒதுக்கிச் சட்டம் செய்தது. இங்கும் காவல்துறைக்கும் தீயணைப்புக்கும் கடலோரப் பாதுகாப்புக்கும் மீன்வளத்துறைக்கும் தனித்தனிக் கருவிகளை வாங்கிக் குவிப்பதற்கு முன், அவை ஒன்றோடொன்று பேசுமா என்று ஒருவர் கேட்டாக வேண்டும்.

இனிப் பங்கு பிரிக்கும் முறை. கோபுரமும் மறு அலைபரப்பியும் மாநிலத்தின் பேரிடர்க் குறைப்பு வைப்பிலிருந்து வரட்டும். மின்கலம், கதிரொளித் தகடு, பழுதுபார்ப்பு ஆகியவற்றை மரக்காணம் ஊராட்சி ஒன்றியமும் மரக்காணம் பேரூராட்சியும் கடற்கரை ஊராட்சிகளும் மக்கள்தொகைக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளட்டும். அரசியலமைப்பின் பதினொன்றாம் இணைப்பில் ஊராட்சிக்குரிய 29 துறைகளில் மீன்வளம் ஐந்தாவது. பொதுச்சொத்துக் காப்பு இருபத்தொன்பதாவது. இவ்விரண்டின் கீழும் இச்செலவை எழுத இடமுண்டு. ஏழை ஊராட்சியின் பங்கை மாவட்டம் தாங்கவேண்டும், அதிகப் படகுள்ள ஊர் அதிகம் தருக என்று விதித்தால், அதிக இடருள்ளவனே அதிகம் செலுத்துவான், அது முறையாகாது. விழித்திருக்கும் ஆளின் ஊதியத்தை மாவட்டப் பேரிடர் ஆணையம் ஏற்கவேண்டும். முன்னறிவிப்பை மக்களிடம் சேர்ப்பிக்கும் ஏற்பாடு அதன் கடமையென்று சட்டமே கூறுகின்றது.

மீனவர் ஊரவைகளையும் மறக்கலாகாது. படகுக்கு இவ்வளவு, மீன்பாட்டுக்கு இவ்வளவு என்று ஊர்வரி தண்டிக் கோயிலையும் பொதுச்செலவையும் நடத்திவரும் பழைய ஆட்சி சோழமண்டலக் கரையில் இன்றும் உண்டு. அவ்வரியிலிருந்து ஒரு சிறு பங்கு வானலைக்கு வந்தால், தொகை சிறிதாயினும், கணக்குக் கேட்கும் உரிமை பெரிது. இலவயமாக வந்த கருவி பழுதானால் யாரும் கேட்பதில்லை. தன் காசு கலந்த கருவி பழுதானால் ஊரே கேட்கும். ஆனால், ஊரவையில் இடம்பெறாத உப்பளத் தொழிலாளரும் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்பும் அக்குரலைப் பெறுவதில் குறைவுடையவராக ஆகிவிடக் கூடாது. வில்லியனூர் முயற்சியில் யாவரும் நுழையும் இடம் என்று முதலிலேயே உடன்பாடு செய்துகொண்டது அதனால்தான்.

குரல் எந்த மொழியில் பேசவேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்தத் தமிழில் என்பதில் எண்ணிப்பார்க்க இடமுண்டு. ‘வடமேற்குத் திசையில் நகரும் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்’ என்பது அலுவலகத் தமிழ். கடலோடி வாடை என்பான், கச்சான் என்பான், கொண்டல் என்பான். நீரோட்டத்தை வன்னி என்றும் தெண்டி என்றும் பிரித்தறிவான். ஓரொரு சொல்லிலும் திசையும் வேகமும் மீன்பாடும் அடங்கியிருக்கும். வானிலை நடுவத்தின் எண்களை இச்சொற்களில் பெயர்த்துச் சொல்லக்கூடியவர் கடலில் நின்ற முதியவரே. பட்டம் பெற்ற அயலூரார் அல்லர். கருவியின் முன் அமரும் பணிக்கு ஆள் எடுக்கும்போது அலுவலர்கள் இதனைத் தகுதியாக எழுதவேண்டும்.

ஊரவைக் கூட்டம் ஆண்டுக்கு ஆறு முறை கூடுகின்றது. அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு கடற்கரை ஊராட்சியும் தீர்மானம் இயற்றி, அதில் பங்குத்தொகை எவ்வளவு, எந்தத் தலைப்பின் கீழ், எவர் பொறுப்பில் என்று எழுதவேண்டும். வானலை அறையின் திறவுகோல் இரவில் யாரிடம் இருக்கும் என்றும் எழுதவேண்டும். மாற்று மின்கலம் எங்கே இருக்கும் என்றும் எழுதவேண்டும். கோபுரத்தில் அமர்ந்திருப்பவர் கிழமைக்கு ஒருநாள், குறித்த மணியில், அழகன்குப்பம், எக்கியார்குப்பம், கூனிமேடு என்று ஊர் ஊராகப் பெயர் சொல்லி அழைத்துக் ‘கேட்கின்றதா’ என்று வினவவேண்டும். விடை வாராத ஊருக்கு அன்றே ஆள் போகவேண்டும்.